குடவோலைக் குமரியும் திருப்புலிவனத்துச் சீட்டும்

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று யாராவது என்னிடம் வந்து யோசனை கேட்டால், கூடவே கூடாது என்றுதான் சொல்வேன். குடிகாரனுக்குக்கூடக் கொடுக்கலாம். விடிந்தால் தெளிந்துவிடுவான். சரித்திர நாவல்காரன் லேசில் தெளிய மாட்டான். இதை யார் மேலோ உள்ள வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. இருபத்தேழு வயதில் நானே ஒரு சரித்திர நாவல் எழுதினேன். அதற்கு ‘குடவோலைக் குமரி’ என்று பெயர் வைத்தேன். (இப்போதே சிரித்துத் தீர்த்துவிடாதீர்கள். இன்னும் நிறைய இருக்கிறது.)

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு டி.டி.பி. சென்டர் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், தாலுகா ஆபீஸ் மனு எல்லாம் அடித்துக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு நாலு தடவை ‘நிகழும் மங்களகரமான’ என்று அடிக்கிற கைக்கு இலக்கியம் தானாக வந்துவிடும் என்று அந்த வயதில் நம்பினேன். ஊரில் கல்வெட்டுக் கோயில் வேறு இருக்கிறது. சோழர் காலத்தில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்களாம். யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்ற விதியெல்லாம் சுவரில் வெட்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து வாயைப் பிளந்து பார்ப்பார்கள். நாங்கள் அந்தப் பக்கமாக டீ குடிக்கப் போவோம். அந்தச் சுவரைப் பார்த்து நாவல் எழுதலாம் என்று எவனுக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றித் தொலைத்தது.

என் கதாநாயகி இளவஞ்சி, ஏரி வாரியத் தலைவரின் மகள். குதிரை ஏறுவாள், வாள் வீசுவாள், அப்பனுக்கே அடங்க மாட்டாள். அத்தியாயத்துக்கு ஒரு முறையாவது “நான் எவருக்கும் அடிமையல்ல!” என்று கர்ஜிப்பாள். கர்ஜித்து முடித்த உடனே அவள் இடையைப் பற்றி ஒரு பத்தி வரும். (கொடியில் ஆரம்பித்து மின்னலில் போய் நிற்கும். அத்தனை மெல்லிய இடுப்பை வைத்துக்கொண்டு அவள் குதிரையில் எப்படி உட்கார்ந்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை.) கதாநாயகன் வீரநரசிங்கன். மலை போன்ற மார்பு, என்னைப் போலவே சுருட்டை முடி. முடி மட்டும்தான் என்னுடையது. எனக்கு ரெடிமேடில் சின்ன சைஸ் சட்டையே தொளதொளவென்று தொங்கும்.

முப்பத்தொன்றாவது அத்தியாயம்தான் உச்சக்கட்டம். இளவஞ்சியைக் கட்டிக்கொள்ள இரண்டு பேர் போட்டி. ஒருவன் வீரநரசிங்கன், இன்னொருவன் வில்லன். இரண்டு ஓலையில் இரண்டு பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, வருகிறவனுக்குப் பெண் என்று சபை முடிவு செய்கிறது. வீரநரசிங்கன் ரகசியமாக இரண்டு ஓலையிலும் தன் பெயரையே எழுதிவிடுகிறான். பிற்பாடு விஷயம் தெரிந்த இளவஞ்சி, “கள்வரே!” என்று நாணி அவன் மார்பில் சாய்கிறாள். முப்பது அத்தியாயம் யாருக்கும் அடங்காத புலி, முப்பத்தொன்றில் ஒரு பித்தலாட்டக்காரனிடம் பூனையாகிவிட்டது. இதைத்தான் நான் பெண் வீரம் என்று நினைத்துப் புல்லரித்துப்போய் எழுதினேன்.

அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சிய சந்தன நிற அட்டையைப் போட்டேன். பின்னட்டையின் உள்பக்கம் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று லேசாகத் தெரியும். தெரிந்தவர் அறிந்தவர் எல்லோருக்கும் கொடுத்தேன். ஒருத்தரும் படிக்கவில்லை. என் அம்மா அதைத் தோசைமாவுக் குண்டானுக்கு மூடியாக வைத்திருந்தாள். நல்ல கனம் என்று பாராட்டவும் செய்தாள்.

இந்த நிலையில்தான் பெருநகர் என்கிற கிராமத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா கோதண்டம், ஏழு ஏக்கர் நெல் பயிர் செய்கிறவர். பெண் பெயர் சுகந்தி, அந்த ஊர்ப் பால் சொசைட்டியில் செயலாளர். நான் பழம், பூ வைத்த தட்டில் என் நாவலையும் வைத்து எடுத்துப் போயிருந்தேன். எப்பேர்ப்பட்ட அறிவாளி வந்திருக்கிறான் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

கோதண்டம் மரியாதைக்காகப் புத்தகத்தை நடுவில் பிரித்து ஒரு பக்கம் படித்தார். நெற்றி சுருங்கியது.

“இன்னா தம்பி இது? நட்டு நாலு நாள் ஆன நடவுல குதிரைய வுட்டுக்கினு போறா? யார் வூட்டு நெலம் அது? கேக்க ஆளில்லயா?”

“அது வந்துங்க, அவளோட வேகத்தைக் காட்டறதுக்காக…”

“வேகமா போறவ வரப்பு மேல போறது?”

இன்னொரு பக்கம் புரட்டினார். “வைகாசில செய்யாத்துல வெள்ளம்னு போட்டுக் கீது. வைகாசில நாங்க செருப்பக் கைல புடிச்சிக்கினு நடந்தே அக்கரைக்குப் போவோம் தம்பி.”

அத்துடன் புத்தகத்தை மூடி, அதன் மேல் தன் மோர் டம்ளரை வைத்தார். அந்த வளையம் இன்னும் அந்தப் பிரதியில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான்.

அப்போது சுகந்தி காப்பித் தட்டோடு வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை, வாசலில் ஒருத்தர் பால் கேனோடு வந்து நின்று, என் பாலை ஏன் திருப்பி அனுப்பினாய் என்று சத்தம் போட்டார். சுகந்தி தட்டை அப்படியே என் அம்மா கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

“அண்ணா, பால்மானி பொய் சொல்லாதுண்ணா. நீங்க மாட்டக் கறந்தீங்களா, போரப் போட்டீங்களா?”

“இல்லம்மா, மய பெஞ்சிது. கேன் தொறந்து இருந்திச்சி.”

“நேத்து எங்கண்ணா மய பெஞ்சிது? உங்க கேனுக்கு மட்டுமா?”

அவர் முனகிக்கொண்டே கேனைத் தூக்கிக்கொண்டு போனார். சுகந்தி திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்து, காப்பி ஆறுகிறது என்று எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. அப்படி இப்படி அல்ல, கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்கிற அளவுக்குப் பிடித்துப் போயிற்று. என் இளவஞ்சியே உயிரோடு வந்துவிட்டாள் என்று மனசுக்குள் குதித்தேன். பாலில் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்தாலே கண்டுபிடிக்கிறவள் இவள் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

அவள் டம்ளரை நகர்த்திவிட்டு நாவலைக் கையில் எடுத்தாள். “இத்தப் படிக்கலாங்களா?”

“தாங்கள் படித்தால் அது யான் பெற்ற பேறு” என்றேன். (சத்தியமாக இப்படித்தான் சொன்னேன். என் அம்மா என் தொடையில் கிள்ளினாள்.)

கோதண்டம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “எங்க வூட்ல ஜாதகம், ஜோசியம் ஒன்னியும் பாக்கறதில்ல. எதுவா இருந்தாலும் திருப்புலிவனத்துல சாமிகிட்ட சீட்டுப் போட்டுப் பாத்துடுவோம். போர் போட்டது, டிராக்டர் வாங்கனது, எல்லாம் சீட்டுதான். ஒன்னுல சம்மதம், ஒன்னுல வேண்டாம். குருக்களு எத்த எடுக்கறாரோ அதான். இவளுக்கு முந்தி வந்த மூணு எடமும் வேண்டாம்னு வந்திச்சி. வர்ற வெள்ளிக்கெயம வந்துடுங்க.”

மூன்று இடமும் வேண்டாம். இதைக் கேட்டதும் காப்பி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா வேறு, “பொண்ணு தங்கம்டா பூபாலா. உன்ன மாதிரி தத்திக்கு அவதான் சரி. சாமி ஒத்துக்கணும்” என்றாள். சாமி ஒத்துக்கொள்ளாவிட்டால்? ஒரு காகிதத் துண்டு வந்து நமக்கும் இவளுக்கும் இல்லை என்று சொல்லிவிடுமா? அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகையில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் திருப்புலிவனம் கோயிலுக்கு அந்தப் பக்கம் கோதண்டமும் சுகந்தியும், இந்தப் பக்கம் நானும் அம்மாவும் வந்து சேர்ந்தோம். கோதண்டம் பையைத் துழாவிவிட்டு, “கண்ணாடிய வூட்லயே வெச்சிட்டேன். தம்பிதான் எழுத்தாளராச்சே, அவரே எழுதட்டும்” என்றார்.

விதி என்னைத் தேடிவந்து கையில் பேனாவைக் கொடுத்தது. நான் மரியாதையாக ஒரு தூண் ஓரமாகப் போய், காகிதத்தை இரண்டாகக் கிழித்தேன். முதல் சீட்டில் சம்மதம் என்று எழுதினேன். இரண்டாவதை எடுத்தேன். ‘வே’ என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அந்த நேரம் பார்த்து மலை போன்ற மார்புடைய அந்த மடையன் வீரநரசிங்கன் என் காதில் வந்து உட்கார்ந்துகொண்டான். காதலுக்காகச் செய்கிற கள்ளம் கள்ளமாகாது என்று அவன் அந்த அத்தியாயத்தில் ஒரு வசனம் பேசுவான். நான் எழுதிக் கொடுத்த வசனம்தான். அதை எனக்கே திருப்பிச் சொன்னான். நானும் நம்பினேன். இரண்டாவது சீட்டிலும் சம்மதம் என்று, சுழியெல்லாம் போட்டு அழகாக எழுதி, நாலாக மடித்தேன்.

“குடுங்க, நான் தட்டுல வெக்கிறேன்” என்று சுகந்தி வந்து கை நீட்டினாள். கொடுத்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பூச்சரத்தைத் துண்டு போட்டு, தேங்காய் பழத்துக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் பதவிசாக அடுக்கினாள். என்ன அடக்கம், என்ன பக்தி என்று நான் உருகிக்கொண்டிருந்தேன்.

குருக்கள் தட்டை வாங்கி அர்ச்சனை செய்தார். தீபாராதனை ஆயிற்று. கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். திருப்பிப் பார்த்தார். விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“என்ன இது, ஒண்ணுமே எழுதலையே?”

மற்றதையும் பிரித்தார். “இதுவும் வெறுங் காகிதமா இருக்கே!”

கோதண்டம் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஈஸ்வரா! எழுதன எழுத்தையே அழிச்சிட்டியே! இன்னா சோதன இது!”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தெய்வச் செயல் என்று கும்பிட்டுவிட்டு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பார்கள். ஆனால் நான் எழுத்தாளன் அல்லவா? என் எழுத்து காணாமல் போனால் ரோஷம் வராதா?

“அதெப்படி? ரெண்டுலயும் சம்மதம்னு நான்தானே எழுதினேன்!” என்று கத்திவிட்டேன்.

கோயிலே கேட்டது. பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“ரெண்டுலயுமா?” என்று குருக்கள் நிதானமாகக் கேட்டார்.

சுகந்தி இடுப்பில் செருகியிருந்த இரண்டு சீட்டுகளை எடுத்தாள். (அந்த இடுப்பைப் பற்றி எனக்கு ஒரு வரிகூடத் தோன்றவில்லை.)

“நைனா, இத்தப் பாரு. ரெண்டுமே சம்மதம். இவரு கதைல முப்பத்தோராவது அத்தியாயத்துல அந்த வீரநரசிங்கன் இதே வேலையதான் பண்றான். பேனாவ இவர் கைல குடுத்ததும் எனக்கு சந்தேகம் வந்துடுச்சி. அதான் இத்த எடுத்துட்டு வெறுங் காயிதத்த மடிச்சி வெச்சேன். வாயத் தொறக்கறாரான்னு பாத்தேன். தொறந்துட்டாரு.”

“நீங்க… முழுசாப் படிச்சீங்களா?” என்று கேட்டேன். அவமானத்தில் பூமிக்குள் போய்க்கொண்டிருக்கும்போதும், ஒரு வாசகி கிடைத்துவிட்ட சந்தோஷம் எட்டிப் பார்த்தது. வெட்கங்கெட்ட ஜென்மம்.

“படிச்சேன். கண்ணு பூத்துப் போற வரைக்கும் படிச்சேன். அந்தப் பொண்ணு முப்பது அத்தியாயமா கத்தியத் தூக்கிக்கினு திரியறா. ஒருத்தனாவது அவகிட்ட வந்து, உனக்கு இஷ்டமான்னு கேட்டானா? சபையும் கேக்கல, அப்பனும் கேக்கல, அந்த சுருட்ட முடிக்காரனும் கேக்கல. கள்ள ஓல எழுதிக் கட்டிக்கினு போறான், இவ வெக்கப்பட்டுக்கினு நிக்கறா. கைல கத்தி கீதுல்ல? ஒரு போடு போட வேணாம்?” என்றவள் என்னை நேராகப் பார்த்தாள். “சரி, அது கதை. நீ கேட்டியா?”

(அந்த நிமிஷம் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது. போன ‘நீங்க’ இன்றுவரை திரும்பி வரவில்லை.)

அவளைப் பிடித்திருக்கிறது என்று சாமி வரைக்கும் கொண்டுபோனேனே தவிர, அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் விடவில்லை. “உங்க ஊரு கல்வெட்டுலயே கீது. பள்ளிக்கூடத்துல கூட்டிக்கினு போய்க் காட்டினாங்க. பொய்யா ஓல எழுதனவன் பேரையும், கழுதை மேல ஏறனவன் பேரையும் குடத்துல போடவே கூடாதாம். இதுல நீ எது?”

“ரெண்டுந்தாம்மா” என்றாள் என்னைப் பெற்றவள்.

கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டார். “சாமி முன்னால பொய்ச் சீட்டு! இவனுக்குப் பொண்ணா? கெளம்பு சுகந்தி.”

அதோடு முடிந்திருந்தாலாவது கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் அங்கிருந்து இரண்டு குடும்பமும் உத்திரமேரூர் வந்துதான் ஆக வேண்டும், வந்ததும் ஒரே பஸ். இருந்த ஒரே இடத்தில் என் அம்மா சுகந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் கையில் தேங்காய் மூடியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தாவதில் கணக்கில் பெயிலானது, கிணற்றில் செருப்பை விட்டது என்று என் மொத்தப் பேஜாரையும் அம்மா வரிசையாக ஒப்பித்துக்கொண்டே வந்தாள். சுகந்தி உம் கொட்டிக்கொண்டே வந்தாள். ஒரு தடவை சிரித்தாள் என்று நினைக்கிறேன். நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று வாரம் கழித்து, என் கடை வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. சுகந்தி. பாலில் தண்ணீர் கலந்தால் இனி எடுக்க மாட்டோம் என்று சொசைட்டிக்கு ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம். பெருநகரில் இருந்து வருகிறவளுக்கு வழியில் வேறு கடையே இல்லையா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. (தத்தி என்று அம்மா சும்மாவா சொன்னாள்?) அடித்துக் கொடுத்தேன். அவள் கிளம்ப எழுந்தபோது என் வாய் தானாகத் திறந்தது. இந்தத் தடவை வீரநரசிங்கன் பக்கத்தில் இல்லை.

“அன்னிக்கு நான் பண்ணது அயோக்கியத்தனம். வேண்டாம்னு வந்துடுமோன்னு பயம். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு இஷ்டமா?”

அவள் நோட்டீஸை மடித்துப் பையில் வைத்தாள். “இத்தக் கேக்கறதுக்கு ஒரு புத்தகம், ஒரு கோயிலு, ரெண்டு சீட்டு தேவப்பட்டுதா உனக்கு? யோசிச்சிச் சொல்றேன்.”

இரண்டு மாதம் யோசித்தாள். அந்த இரண்டு மாதமும் மொபெட் சத்தம் கேட்கிற போதெல்லாம் வாசலுக்கு ஓடி ஓடி என் ஒரு ஜதைச் செருப்பே தேய்ந்தது. கடைசியில் தன் அப்பாவிடம் எனக்கு இஷ்டம் என்று சொல்லிவிட்டாள். அவர் விடுவாரா? மறுபடியும் திருப்புலிவனம். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே எழுதினார். என்னைக் கோயிலுக்குள் விடவில்லை, வெளியே செருப்புக்குக் காவலாக நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் மலர வெளியே வந்தார்.

“வேண்டாம்னு வந்துட்டுது!”

நான் செருப்புகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே சுகந்தி வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “நைனா, சாமி அவரு இஷ்டத்தச் சொல்லிட்டாரு. என் இஷ்டத்த நான் முன்னயே சொல்லிட்டேன். கட்டிக்கினு வாயப் போறது நான்தானே? தை மாசம் வெச்சிக்கலாம்.”

முப்பத்தொரு அத்தியாயம் எழுதியும் என் இளவஞ்சி வாயில் இப்படி ஒரு வசனம் வரவில்லை. வராது. எழுதினவன் நான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நான் இரண்டாவது நாவல் எழுதவில்லை. தமிழுக்கு என்னால் ஆன தொண்டு. மிச்சப் பிரதிகள் பால் சொசைட்டியில் கேன் ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருக்கின்றன. நான் அவர் நிலத்து மோட்டாரைப் புகைய விட்டாலும், மாட்டை அவிழ்த்துவிட்டாலும், மாமனார் திருப்புலிவனம் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, “அப்பவே சொன்னியே ஈஸ்வரா, இவ கேட்டாளா?” என்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அந்த இரண்டு சீட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது. கல்யாணமான புதிதில் சுகந்தி அவற்றை என் கடைக்கே எடுத்து வந்து, என் கையாலேயே லேமினேஷன் போட வைத்தாள். பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாவது மாடு எதற்கு என்று நான் ஆரம்பித்தால் போதும், பீரோ திறக்கிற சத்தம் கேட்கும். “இது உன் கையெழுத்துதானே? இன்னா எழுதிக் கீது, படி” என்பாள். படிப்பேன்.

போன மாதம் எங்கள் பெண் காஞ்சிபுரத்துக்குப் போய்ச் சிலம்பம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். பன்னிரண்டு வயது. அவ்வளவு தூரமெல்லாம் வேண்டாம், அடிபடும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஒரு தகப்பன் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அவள் வாதாடவே இல்லை. உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

“இன்னாடி, அது உங்க அம்மாதுடி!” என்றேன்.

“ரெண்டு கீதுல்லப்பா? அம்மாவுக்கு ஒன்னு, எனக்கு ஒன்னு. நேத்தே பிரிச்சிக்கினோம்” என்று சீட்டை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். சம்மதம் என்றுதான் இருந்தது, சுழியெல்லாம் போட்டு. சிலம்பப் பள்ளி விண்ணப்பத்தைக் கையோடு எடுத்து வந்திருந்தாள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.